வலிமை குறைந்த அமிலம்

ஜனவரி 11

அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் முதல் ஆளாக எழுதித் தொலைப்பவள் நீ. மூன்று மாதமாக நான் எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். பட்டறையில் தலைக்கு மேல் வேலை. என்னை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள். சிரிக்காதே. உன் பாடத்தில் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள் இன்று பதினோரு பேரை வேலை வாங்குகிறாள்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். குளியலறை ஜன்னலுக்குப் போடுவார்களே, வெளிச்சம் வரும், ஆள் தெரியாது, அந்த மங்கல் கண்ணாடிதான் நாங்கள் செய்வது. இத்தனை நாள் மணலைப் பீய்ச்சி அடித்துச் செய்தோம். ஒரே தூசி, எல்லோருக்கும் இருமல். முதலாளி இப்போது மணலை நிறுத்திவிட்டு ஆசிட் வாங்கியிருக்கிறார். நீல பிளாஸ்டிக் பீப்பாயில் வருகிறது. தொட்டியில் ஊற்றி, கண்ணாடியை முக்கி எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெளுத்துவிடுகிறது. பீப்பாயில் ஹைட்ரோஃபுளூரிக் ஆசிட் என்று எழுதியிருக்கிறது. கூட ஏதோ தாள் வந்ததாம். அது முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கிறது. கேட்டால், "தண்ணி கலந்ததும்மா, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்.

ஆட்கள் பயப்படுகிறார்கள். அதிலும் மாப்பிள்ளை. அவருக்கு நாற்பத்தைந்து வயது, தோளுயரத்துக்கு இரண்டு பிள்ளைகள். பேக்கிங்கில் இருக்கிற அக்காவைக் கட்டிக்கொண்டு அவர் மூலமாக வேலைக்கு வந்தவர் என்பதால் அன்று வைத்த பெயர் இன்னும் போகவில்லை. "கண்ணாடியையே தின்னுது, நம்ம தோல் எம்மாத்திரம்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீ கெமிஸ்ட்ரி டீச்சர். சொல். இது பலமான ஆசிட்டா, இல்லையா?

பொடிசு

ஜனவரி 18

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தில் எட்டுப் பிழைகள். வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளருக்கு வாழ்த்துகள்.

நீ கேட்டது நல்ல கேள்வி. பத்தாம் வகுப்பில் ஒருநாள் கூட நீ இப்படிக் கேட்டதில்லை. கவனமாகப் படி.

அணுக்கள் சேர்வதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்றில், ஒருவன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறான், மற்றவன் வாங்கிக்கொள்கிறான். கொடுத்தவன் பிளஸ், வாங்கியவன் மைனஸ். அந்த ஈர்ப்பில் இருவரும் ஒட்டிக்கொள்கிறார்கள். இது அயனிப் பிணைப்பு. சாப்பாட்டு உப்பு அப்படித்தான். தண்ணீரில் போட்டால் இருவரும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். இன்னொரு வழியில் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. எலக்ட்ரான்களை நடுவில் வைத்து இருவரும் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள். இது சகப்பிணைப்பு. உன் ஆசிட்டில் ஹைட்ரஜனும் ஃபுளூரினும் இப்படித்தான் சேர்ந்திருக்கின்றன.

ஓர் அமிலம் வலிமையானதா என்பதற்கு ஒரே அளவுகோல்தான். தண்ணீரில் அது தன் ஹைட்ரஜனை எவ்வளவு விடுகிறது? ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரைக் கண்டதும் முழுக்க விட்டுவிடும். ஆகவே அது வலிமை மிகுந்தது. உன்னுடையதில் பிணைப்பு மிகவும் உறுதி. ஃபுளூரின் பிடித்த பிடியை விடாது. நூற்றுக்கு ஏதோ சில மூலக்கூறுகள்தான் பிரியும். எனவே இது வலிமை குறைந்த அமிலம். வினிகரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

கண்ணாடியை அரிப்பது வேறு விஷயம். கண்ணாடியில் சிலிக்கான் இருக்கிறது. ஃபுளூரினுக்கும் சிலிக்கானுக்கும் தனி ஒட்டுதல். உன் மாப்பிள்ளையின் தோலில் சிலிக்கான் இல்லை என்று சொல். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

தலைமை ஆசிரியை இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். என் பெயர் முதலில் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

அக்கா

பிப்ரவரி 4

அக்கா,

நீ இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டாய்!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எழுத்துப் பிழையையும் தலைமை ஆசிரியை சமாசாரத்தையும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். நீ வகுப்பில் படிப்பாயே, அந்த மாதிரி. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடித்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று, "டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க. இது எதிர்க்கடை டீ மாதிரி. பேருக்குத்தான் டீ" என்றார். பேக்கிங் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். அதில் உன் பெயரும் பள்ளியின் பெயரும் மேலே அச்சில் இருப்பதால் பார்க்க அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கிறது. முதலாளி கூட நின்று படித்துவிட்டு, "உங்க அக்காவா? அப்படிப்போடு" என்றார்.

இன்னொரு நல்லது நடந்திருக்கிறது. ரப்பர் கையுறை போட்டால் ஈரக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். தினம் நாலைந்து உடையும், நான் திட்டு வாங்குவேன். இப்போது பாதிப் பேர் கையுறையைக் கழற்றிவிட்டார்கள். ஒரு வாரமாக ஒரு கண்ணாடி கூட உடையவில்லை. எல்லாம் உன் புண்ணியம்.

பொடிசு

பிப்ரவரி 10

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். கணக்கு டீச்சர், "உங்க பாடம் பட்டறை வரைக்கும் போயிருச்சு, எங்க பாடம் வாசப்படி தாண்ட மாட்டேங்குது" என்று பொருமினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

உன் கையெழுத்து தேறியிருக்கிறது. பிழைகள் மூன்றுதான். அடுத்த வாரம் பள்ளியில் ஆய்வு. ஆய்வகத்தில் உடைந்த சோதனைக் குழாய்களைக் கூட எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. விரிவாகப் பிறகு.

அக்கா

மார்ச் 6

அக்கா,

மாப்பிள்ளை இறந்துவிட்டார்.

பிழை இருந்தால் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெரிய தொட்டியின் ஒரு கால் இறங்கி, தொட்டி அவர் பக்கமாகச் சரிந்தது. இரண்டு தொடையும் கைகளும் நனைந்துவிட்டன. நான் ஓடினேன். அவர் குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தார். "எரியுதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலியே" என்று சிரித்தார். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். "டாக்டர்கிட்ட எதுக்கும் ஒரு நடை போய்ட்டு வரவா தங்கச்சி?" என்று கேட்டார். அக்கா, அவர் கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். "அதான் மேலயே ஒட்டியிருக்கே" என்றேன். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்று சொல்லி, அதே ஈரப் பேண்டோடு வேலைக்குப் போனார்.

மத்தியானம் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று மணிக்குத் தொடை உள்ளே குடைகிறது என்றார். ஐந்து மணிக்கு அவரால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில், மேலே பெரிதாகக் காயம் எதுவும் இல்லையே என்று வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். எலும்புக்குள் யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது என்று கத்தினாராம். மறுநாள் விடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

வலிமை குறைந்தது என்றாயே அக்கா. எப்படி? எனக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

பொடிசு

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

செய்தியைப் படித்து மனம் மிகவும் கஷ்டப்பட்டது. அவர் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைச் சொல்.

உன் கேள்விக்கு வருகிறேன். அவர் இறந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். நாற்பத்தைந்து வயது, இதய நோய் இருந்ததா என்று விசாரித்தாயா? பீப்பாயில் இருந்தது உண்மையில் அந்த அமிலம்தானா, வேறு ஏதேனும் கலந்திருந்ததா? இதெல்லாம் தெரியாமல் முடிவுக்கு வருவது சரியல்ல.

நான் எழுதியதன் நகல் என்னிடம் இல்லை, ஆனால் என்ன எழுதினேன் என்று எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. மூன்று பாடநூல்களை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். பிணைப்பைப் பற்றி எழுதியது சரி. பிரிகை அளவைப் பற்றி எழுதியது சரி. வலிமை குறைந்த அமிலம் என்பது சரி. ஒரு வாக்கியத்தில் கூடப் பிழை கிடையாது. நீ கேட்டது பலமானதா இல்லையா என்று. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன்.

சுவரில் ஒட்டியது உன் யோசனை. அதையும் நீ நினைவில் வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். ரொம்ப நன்றி.

நிலைமை என்னவென்று சொல்கிறேன். தொழிலாளர் இலாகாவிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்திருக்கிறார். பட்டறைக்குள் அவர் கால் வைப்பதற்கு முன்பே முதலாளி சுவரிலிருந்து உன் கடிதத்தைப் பிய்த்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் மேஜை மேல் வைத்துவிட்டார். அதிகாரியிடம் அதைத்தான் நீட்டினார். "பாருங்க சார், ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரே எழுதிக் கொடுத்திருக்காங்க. வினிகர் மாதிரின்னு போட்டிருக்கு. இதுக்கு மேல நான் என்ன சார் பண்ண முடியும்?" பீப்பாயோடு வந்த எச்சரிக்கைத் தாள் பற்றி நான் சொன்னேன். அப்படி ஒன்று வரவே இல்லை என்று சாதிக்கிறார். அந்த டிராயருக்கு இப்போது பூட்டு தொங்குகிறது.

உன் கடிதம்தான் அவருக்குக் கேடயம் அக்கா. அது நிற்கிற வரைக்கும் மாப்பிள்ளை செத்ததற்கு யாருமே காரணமில்லை.

நீ ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். அதிகாரிக்கு ஒரு கடிதம். "இந்த ஆசிட்டை நான் பார்த்ததில்லை, இது உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது." இவ்வளவுதான். கெமிஸ்ட்ரி தெரியாது என்று எழுதச் சொல்லவில்லை. இது தெரியாது என்று எழுது.

எல்லா வாக்கியமும் சரி என்றாய். நான் பள்ளியில் தோற்றவள்தான், ஆனாலும் எண்ணத் தெரியும். கடைசி வாக்கியம், "ஆகவே பயப்பட ஒன்றுமில்லை." அது எந்தப் பாடநூலில் எத்தனையாவது பக்கம்?

கையுறையைக் கழற்றிவிட்டார்கள் என்று உனக்கு எழுதினேன். நீ என் கையெழுத்து தேறியிருக்கிறது என்று பதில் எழுதினாய்.

பழசைக் கிளறக் கூடாது என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் உப்பு ஏன் உருகினால் மின்சாரம் கடத்துகிறது என்ற கேள்விக்கு நான் "தெரியவில்லை" என்று எழுதி வைத்தேன். நீ அந்தத் தாளை வகுப்பு முழுக்கக் காட்டினாய். தெரியாவிட்டாலும் ஏதாவது எழுது, வெறும் தாளாக விடுகிறவள் உருப்பட மாட்டாள் என்றாய். உன்னிடம் படித்த அத்தனை பேருக்கும் நீ சொல்லிக் கொடுத்தது அதுதான். நீயும் அப்படித்தான் செய்திருக்கிறாய். கேள்வி வந்தது, எழுதிவிட்டாய்.

விசாரணை ஏப்ரல் 5.

உன் தங்கை

மார்ச் 27

தங்கைக்கு,

நீ எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். சொந்தத் தங்கை என்று இரண்டு மார்க் போட்டிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும்.

இருந்தாலும் உனக்காக அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நீ சொன்ன மாதிரி எழுத முடியவில்லை. இந்த மாதம்தான் தலைமை ஆசிரியை பதவிக்கு முடிவு செய்கிறார்கள். வேதியியல் ஆசிரியை, ஓர் அமிலத்தைப் பற்றித் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்று நீயே யோசித்துப் பார். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்தக் கடிதம் தனிப்பட்ட முறையில் தங்கைக்கு எழுதியது. பொதுவான பாடக் கருத்துகள் அடங்கியது. அவை பாடநூல்படி சரியானவை. அதை அறிவிப்பாக ஒட்டியது என் அனுமதி இல்லாமல் நடந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. உனக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 9

உதவியது.

உன் கடிதத்தை அதிகாரி சத்தமாகப் படித்தார். "பாடநூல்படி சரியானவை" என்ற இடம் வந்ததும் முதலாளியின் வக்கீல் தலையாட்டினார். "அனுமதி இல்லாமல்" என்ற இடம் வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கிங் அக்காவும் பார்த்தார்.

ஆக, ஆசிட் சரி, டீச்சர் சரி, முதலாளி சரி. தப்பு செய்தது ஒட்டியவள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் மேல் வழக்கு வரலாம் என்கிறார்கள். வரட்டும். நான் அவரை டாக்டரிடம் அனுப்பாதது நிஜம். அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். அந்தப் பூட்டுப் போட்ட டிராயருக்கு எதுவும் ஆகவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

முதலாளி பெரிய மனசு பண்ணி பேக்கிங் அக்காவுக்குப் புருஷன் பார்த்த வேலையையே கொடுத்திருக்கிறார். அதே தொட்டியில் இப்போது அவர் நிற்கிறார். உன் கடிதத்தின் ஜெராக்ஸ் மறுபடியும் சுவரில் ஏறியிருக்கிறது. கையுறை போடுவதில்லையாம்.

எனக்கு இனி எழுதாதே.

ஏப்ரல் 30

பொடிசு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி, ஆனால் இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி.

அந்தப் பெண் அதே தொட்டியில் நிற்கிறாள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், பாடநூலைத் தாண்டி ஒரு புத்தகத்தைத் தேடிப் போனது அன்றுதான். நூலகர் தொழிற்சாலை விஷங்களைப் பற்றிய தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். உன் ஆசிட்டுக்குத் தனி அத்தியாயமே இருந்தது.

வலிமையான அமிலம் தோலில் பட்டால் உடனே சுடும். ஆள் அலறிக்கொண்டு ஓடுவான், கழுவுவான், டாக்டரிடம் போவான். இது பிரியாமல் இருக்கிறது இல்லையா, பிரியாத மூலக்கூறுக்கு மின்னேற்றம் கிடையாது. தோல் அதைத் தடுப்பதில்லை. சத்தம் காட்டாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு, உள்ளே போய்ப் பிரிகிறது. வலிமை குறைந்தது என்று நான் எதைச் சொன்னேனோ அதனால்தான் அது கொல்கிறது. கொஞ்சம் நீர்த்திருந்தால் வலி தெரிய மணிக்கணக்கில் ஆகும் என்றும் போட்டிருக்கிறது.

பிரிந்த ஃபுளூரைடு கால்சியத்தைத் தேடிப் போகும். சதையில், எலும்பில், ரத்தத்தில். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம் நின்றுவிடும்.

கால்சியம் ஃபுளூரைடு. ஒரு கால்சியம் இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கும், இரண்டு ஃபுளூரின் ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளும். அயனிப் பிணைப்புக்கு நான் எப்போதும் கொடுக்கிற இரண்டாவது உதாரணம். வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைகிறேன். தண்ணீரில் கரையாது என்று சொல்லிக் கோடும் இழுப்பேன். உனக்கும் அதைத்தான் வரைந்து காட்டினேன். தோலில் சிலிக்கான் இல்லை என்று கிண்டலாக எழுதத் தெரிந்த எனக்கு, எலும்பில் கால்சியம் இருக்கிறது என்று தோன்றவில்லையே. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் அது. நூலகத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெட்கம் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் தத்தளித்தேன். மறுபடியும் பாதிப் பதில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இதற்கு வைத்தியம் உண்டு. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கால்சியம் கலந்த களிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கால்சியம் ஊசி போட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்களாம். வலி தெரியாத அந்த முதல் நேரம்தான் முக்கியமான நேரம். பத்து மணிக்குத் தொட்டி சரிந்தது, மூன்று மணிக்கு வலித்தது என்று எழுதியிருந்தாய். ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறது.

அதிகாரிக்குப் புதிதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. "இந்த அமிலத்தை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பள்ளியில் அது இல்லை. அது உடலில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். என் கடிதத்தை நம்பியதால்தான் அங்கே கையுறையைக் கழற்றினார்கள். கழற்றியது எனக்குத் தெரிந்தும் நான் தடுக்கவில்லை. இந்த அமிலத்தோடு எச்சரிக்கைத் தாள் கட்டாயம் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள்." புத்தகத்தின் அந்த அத்தியாயத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளியிலும் ஒரு நகல் கொடுத்தேன். தலைமை ஆசிரியை பதவி கணக்கு டீச்சருக்குப் போய்விட்டது. போகட்டும்.

அந்தப் பெண்ணைக் கையுறை போடச் சொல். முதலில் அதைச் செய். பிறகு என்னைத் திட்டு.

அக்கா

மே 14

அக்கா,

கிழிக்கவில்லை. நாலு முறை படித்தேன்.

மறுநாளே போனேன். பட்டறைக்குள் என்னை விட மாட்டார்கள். எதிர்த்த டீக்கடையில் காத்திருந்து, மத்தியானம் பேக்கிங் அக்கா வெளியே வந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவருக்குப் படிக்க வராது. முதலில் என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. "எங்க அக்கா எழுதியிருக்கா" என்றேன். "உங்க அக்கா எழுதினது உள்ளயே தொங்குதே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

படித்தேன். தோலுக்குள் எப்படி இறங்குகிறது, உள்ளே போய் என்ன செய்கிறது, எல்லாவற்றையும் படித்தேன். நீ அதிகாரிக்கு எழுதியதைப் படித்தபோது, "தெரியாதுன்னு எழுதியிருக்காங்களா? டீச்சரம்மாவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்று மாலை டீக்கடைக்காரர் சொன்னார். இந்த அம்மா உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டதாம், மற்றவர்கள் கையிலும் மாட்டிவிட்டதாம், சுவரிலிருந்த ஜெராக்ஸைக் கிழித்துத் தொட்டியில் போட்டதாம். முதலாளி கத்தியிருக்கிறார். யாரும் கையுறையைக் கழற்றவில்லை.

அதிகாரி விசாரணையை மறுபடி திறந்துவிட்டார். பீப்பாய் விற்ற கம்பெனிக்கே எழுதி, அந்தத் தாள் பட்டறைக்கு அனுப்பப்பட்டதற்கு ரசீது வாங்கியிருக்கிறார், முதலாளியின் கையெழுத்தோடு. 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. உன்னையும் நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்மன் வந்திருக்கும். நானும் குற்றவாளியாகத்தான் நிற்பேன், அதில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். அன்று படிக்கும்போது நான் ஒரு பத்தியை விட்டுவிட்டேன். களிம்பு, ஊசி, ஐந்து மணி நேரம், அந்தப் பத்தி. கண் அதில் பட்டதும் வாய் வரவில்லை. அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

நேற்று அவரே வீடு தேடி வந்தார். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் என்கூட உக்காந்துதான் சாப்பிட்டாரு தங்கச்சி. வலி இல்ல, ஒண்ணுமில்ல. என் தட்டுல இருந்து எடுத்துத் தின்னுட்டு, வம்பு பேசிக்கிட்டு இருந்தாரு. அப்ப விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்திருந்தா, காப்பாத்தியிருக்கலாமா? நேரம் இருந்துச்சா?"

"தெரியலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

உன்னை எந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி உயிரை வாங்கினேனோ, அதையே பொய்யாகச் சொன்னேன். அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரி விடுங்க. உங்க அக்கா வர்றாங்கல்ல, புத்தகம் எல்லாம் பாத்தவங்க. அவங்களைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கே வந்து உனக்காக வாசலில் நிற்பாராம். என்ன சொல்வதென்று நீ என்னைக் கேட்காதே.

பொடிசு